புனானை முதல் மட்டக்களப்பு வரை: ஆளில்லாமல் கிடந்த ரயில் நிலையங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்புக்கு வரும் ரயில் பாதை தொண்ணூறுகளில் ஆண்டுக்கணக்கில் ஓட்டமில்லாமல் கிடந்தது. புனானை, வாழைச்சேனை, கல்குடா, ஏறாவூர், மட்டக்களப்பு ஆகிய நிலையங்களின் பெயர்ப்பலகைகளைப் பார்த்து வளர்ந்தும் வண்டியைப் பார்க்காத ஒரு தலைமுறை எங்களிடம் உண்டு. இன்று வண்டி ஓடுகிறது. ஆனாலும் அந்த நிலையங்கள் ஒருகாலம் செய்த வேலையில் பெரும்பகுதி திரும்பி வரவேயில்லை. பாடசாலைச் செயற்திட்டத்துக்காகப் பிள்ளைகளும், வெளிநாட்டிலிருந்து பழைய ஊரைத் தேடுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

இந்தப் பாதை எப்போது வந்தது?

1928இல். கொழும்பிலிருந்து புறப்பட்ட முதல் பாதை 1864இல் அம்பேபுசை வரை ஓடியது. 1867இல் கண்டிக்கும் 1905இல் காங்கேசன்துறைக்கும் ரயில் போய்விட்டது. கிழக்கு அதற்குப் பிறகும் இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது. கோப்பியும் தேயிலையும் விளைந்த மலைநாட்டுக்குப் பாதை போடுவதில் வெள்ளைக்காரருக்கு உடனடி வருமானம் இருந்தது. நெல்லும் தேங்காயும் மீனும் உள்ள எங்கள் பக்கத்துக்கு அந்த அவசரம் அவர்களுக்கு இருக்கவில்லை. பிந்தி வந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

வடக்குப் பாதையில் மாகோச் சந்தியில் பிரிந்து, கல்லோயாச் சந்திவரை வந்து, அங்கே இரண்டாகக் கிளைக்கிறது. ஒன்று திருகோணமலைக்கு. மற்றது மின்னேரியா, ஹிங்குராக்கொடை, பொலன்னறுவை, மன்னம்பிட்டி, வெலிக்கந்தை வழியாக எங்களுக்கு. திருகோணமலைக் கிளை ஓராண்டு முந்தி, 1927இல் திறக்கப்பட்டது. துறைமுகம் அங்கே இருந்ததை நினைத்தால் அதில் வியப்பில்லை. கொழும்புக் கோட்டையிலிருந்து மட்டக்களப்புக்கு ரயிலில் ஏறத்தாழ 350 கிலோமீட்டர்.

அதற்கு முன் சனம் எப்படிப் போய்வந்தது?

கடலால் போனார்கள், இல்லாவிட்டால் மாட்டுவண்டியில் போனார்கள். செங்கலடியிலிருந்து மேற்கே திரும்பும் பதுளை வீதிதான் மலைநாட்டுக்கான பழைய வழி. பட்டணத்துக்குள்ளேயே வாவியைக் கடக்க ஓடம்தான் துணை. கல்லடிப் பாலம் 1924இல்தான் திறக்கப்பட்டது. நான்கே ஆண்டு இடைவெளியில் பாலமும் ரயிலும் வந்ததை ஒன்றாக வைத்துப் பார்த்தால், அந்தப் பத்தாண்டில் மட்டக்களப்பு எவ்வளவு வேகமாக வெளியுலகத்தோடு இணைந்தது என்பது விளங்கும்.

இதை "லைட் ரயில்வே" என்று பழைய ஆவணங்கள் சொல்கின்றனவே, சின்னப் பாதையா?

அகலத்தில் சின்னதல்ல. களனிவெளிப் பாதையைப்போல ஒடுங்கிய பாதையாக இது ஒருபோதும் இருந்ததில்லை. நாட்டின் மற்றப் பெரிய பாதைகளுக்குரிய அதே 1676 மில்லிமீட்டர் அகலம்தான் இதற்கும். செலவைக் குறைத்துப் போட்டார்கள் என்பதே அந்தப் பெயரின் விஷயம். தண்டவாளம் எடை குறைந்தது, அடிக்கட்டு மெலிந்தது, நிலையக் கட்டடங்கள் எளிமையானவை. அதனால் பாரமான எஞ்சின்களுக்கும் வேகத்துக்கும் நெடுங்காலம் கட்டுப்பாடு இருந்தது. மலைநாட்டு நிலையங்களின் வேலைப்பாட்டை வாழைச்சேனையிலோ ஏறாவூரிலோ தேடி ஏமாறுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளவேண்டும். எங்கள் நிலையங்களின் அழகு அவற்றின் அளவான தன்மையில் இருக்கிறது. வெயிலுக்குச் சரிந்த கூரை, ஒரு நீளத் திண்ணை, டிக்கட் யன்னல், பக்கத்தில் நிலைய அதிபரின் குவாட்டஸ், சற்றுத் தள்ளி சரக்குக் கொட்டகை.

கல்லோயாச் சந்தி அம்பாறையில் இருக்கிறதா?

இல்லை. அம்பாறையில் சேனநாயக்க சமுத்திரத்தை நிரப்பும் கல்லோயா ஆறு வேறு. ரயில் சந்தி ஹபரணைப் பக்கம், நெடுந்தூரத்தில் இருக்கிறது.

புனானையில் ஆட்கொல்லிச் சிறுத்தை இருந்தது உண்மையா?

உண்மைதான். 1924இல் கப்டன் ஷெல்டன் ஏகார் என்பவர் அதைச் சுட்டார். அதற்கு முன் அது குறைந்தது 12 பேரைக் கொன்றிருந்தது. பாடம்செய்யப்பட்ட அதன் உடல் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இலங்கையில் சிறுத்தை மனிதரைத் தேடிக் கொல்வது மிக அரிது. அதனால்தான் இந்த ஒன்று இவ்வளவு பேசப்பட்டது.

பாதை திறக்கப்படுவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முந்திய கதை அது. புனானை ஸ்டேசன் எப்படிப்பட்ட இடத்தில் அமைந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. நாலா பக்கமும் காடு, நடுவில் ஒரு விளக்கு, தந்திக்கருவி. அங்கே இரவுக் கடமை செய்த மனிதர்களைப் பற்றி நாம் எழுதி வைத்திருப்பது மிகக் குறைவு. சிறுத்தையின் பெயர் உலகத்துக்கே தெரியும். அந்தப் பாதையை வெட்டிய, கல் போட்ட, காய்ச்சலில் விழுந்த கூலிகளின் ஒரு பெயர்கூட எங்களிடம் இல்லை. இது எனக்கு மிகுந்த வருத்தமான காரியம்.

சின்ன நிலையங்களில் அப்படி என்ன நடந்தது? இறங்க ஏற எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

ஆட்கள் ஒரு பகுதிதான். நிலையத்தின் உயிர் சரக்கில் இருந்தது. அறுவடைக்குப் பிறகு நெல் மூட்டை, வருடம் முழுவதும் தேங்காய், ஐஸ் போட்டு மரப்பெட்டியில் அடைத்த மீன் எல்லாம் போகும். கொழும்பிலிருந்து துணி, மண்ணெண்ணெய், சீமெந்து, கடைச் சாமான், பத்திரிகைக் கட்டு, தபால் பை வரும். வாழைச்சேனையில் 1950களில் காகித ஆலை வந்ததும் அந்த ஊரின் முகமே மாறியது. வயலில் எரித்து வீணாக்கிய வைக்கோல் காகிதத்துக்கு மூலப்பொருளானது. ஆலையைச் சுற்றிப் பல ஊர்களிலிருந்து வந்த குடும்பங்கள் குடியேறின. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே சங்கொலிக்கு வேலைக்குப் போன இடம் அது.

பயணிகளைப் பொறுத்தவரை, உதயதேவிதான் எல்லோருக்கும் தெரிந்த பெயர். 1950களில் ரயில்வேயைப் பொறுப்பேற்ற பி.டி. ரம்பாலவின் காலத்தில் யாழ்தேவி, ருகுணுகுமாரி, உடரட்ட மெனிக்கே என்று வண்டிகளுக்குப் பெயர் சூட்டும் வழக்கம் வந்தது. கிழக்குக்குக் கிடைத்த பெயர் உதயதேவி. அரசாங்கம் தரும் இலவசப் பயண அனுமதியான வாரண்டில் போகும் உத்தியோகத்தர், பல்கலைக்கழகத்துக்குப் போகும் பிள்ளை, கொழும்புப் பெரியாஸ்பத்திரிக்குப் போகும் நோயாளி, மடு மாதா கோயிலுக்குப் போகும் குடும்பம் எல்லோரும் மாகோ வரை ஒரே பெட்டியில் இருந்து போனார்கள்.

வண்டி வந்ததும் நிலைய அதிபர் ஒரு வளையத்தை எஞ்சின்காரரிடம் கொடுப்பார் என்று அம்மம்மா சொல்வார். அது என்ன?

டேப்லெட். ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்துவிடாமல் காப்பாற்றிய கருவி அது. பக்கத்து நிலையங்கள் இரண்டிலும் ஒன்றோடொன்று மின்கம்பியால் இணைந்த இரும்புப் பெட்டி இருக்கும். அதற்குள் உலோக வட்டுகள். ஒரு நிலையம் ஒரு வட்டை வெளியே எடுத்துவிட்டால், அது அடுத்த நிலையத்துப் பெட்டிக்குள் திரும்பப் போடப்படும்வரை இரண்டு பெட்டிகளிலிருந்தும் வேறொரு வட்டு வெளியே வராது. அந்த வட்டு கையில் இல்லாமல் எஞ்சின்காரர் அந்தத் துண்டுப் பாதைக்குள் நுழையக்கூடாது. வட்டைத் தோற்பைக்குள் வைத்து, பை பெரிய வளையமொன்றில் தொங்கும். நிற்காமல் போகும் வண்டியானால், ஓடும் எஞ்சினிலிருந்து கையை நீட்டி வளையத்தைத் தோளில் வாங்கிக்கொண்டு, பழைய வளையத்தை மேடையில் எறிந்துவிட்டுப் போவார்கள். இரவில் கைவிளக்கு வெளிச்சத்தில் இதைச் செய்வதற்கு எவ்வளவு பழக்கம் வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள்.

வண்டி வரமுன் அடுத்த நிலையத்திலிருந்து மணிச்சத்தம் வரும். அதைக் கேட்டுத்தான் கைகாட்டி, அதாவது வண்டிக்கு வழிவிடும் சிக்னல் மரத்தின் கை, இறங்கும். கைகாட்டி இறங்கியதும் சனம் சாமானைத் தூக்கும். ஊரில் பலருக்கு அதுதான் மணிக்கூடு.

ரயிலும் பஸ்ஸும் ஒரே பாலத்தில் போனது உண்மையா?

ஆம். மன்னம்பிட்டியில் மகாவலியைக் கடக்கும் இரும்புப் பாலமும், ஓட்டமாவடியில் வாவியைக் கடக்கும் இரும்புப் பாலமும் வீதிக்கும் ரயிலுக்கும் பொதுவாகவே இருந்தன. வண்டி வரும்போது கேற் பூட்டி இரு பக்கமும் வாகனங்கள் வரிசையில் நிற்கும். மன்னம்பிட்டியில் 2007இல் ஜப்பான் உதவியோடு தனி வீதிப்பாலம் வந்தது. ஓட்டமாவடிக்கும் பிற்பாடு புதுப்பாலம் கிடைத்தது. நாற்பது வயதைத் தாண்டிய எவரிடமும் மன்னம்பிட்டிப் பாலத்தைப் பற்றிக் கேளுங்கள், ஒரு கதையாவது இருக்கும்.

போரினால்தானே நிலையங்கள் வெறிச்சோடின?

இந்தக் கேள்விக்கு எல்லோரும் தரும் பதில் "ஆம்". என் கருத்து சற்று வேறு. போர் வண்டியை நிறுத்தியது. சரக்கு அதற்கு முன்பே கையைவிட்டுப் போகத் தொடங்கியிருந்தது.

1977க்குப் பிறகு திறந்த பொருளாதாரத்தோடு லொறிகள் பெருகின. நெல்லை வயற்கரையிலிருந்தே ஏற்றி ஆலை வாசலில் இறக்க லொறியால் முடியும். ரயிலென்றால் வண்டிலில் ஸ்டேசனுக்குக் கொண்டுவந்து, வாகன் எனும் சரக்குப் பெட்டி கிடைக்கும்வரை கொட்டகையில் வைத்து, ஏற்றி, மருதானையிலோ கோட்டையிலோ இறக்கி, அங்கிருந்து மறுபடி லொறி பிடிக்கவேண்டும். மீன் வியாபாரிக்கு ஒரு இரவு பிந்தினாலே நட்டம். நாடு முழுவதும் ரயிலின் சரக்குப் பங்கு அப்படித்தான் தேய்ந்தது, மட்டக்களப்புப் பாதை அதற்கு விலக்கல்ல. இதற்கு நடுவில் 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவுச் சூறாவளி எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. தென்னந்தோட்டங்கள் விழுந்தன. அனுப்புவதற்குத் தேங்காய் இல்லாமற் போனால் கொட்டகை எதற்கு?

பிறகு எண்பதுகளின் கலவரங்களும் 1990 ஜூனில் மறுபடி மூண்ட போரும் வந்தன. புனானை, வெலிக்கந்தைக் காடுகளுக்குள்ளால் போகும் பாதையைக் காவல்காப்பது இயலாத காரியமானது. சேவை விட்டுவிட்டு நடந்து, பின் முற்றாக நின்றது. வண்டி பொலன்னறுவைப் பக்கத்தோடு திரும்பியது. அதற்கு இப்பால் மேடையில் புல் முளைத்தது. சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, பஸ்ஸில் மணிக்கணக்காகப் போன அந்த ஆண்டுகளை அனுபவித்தவர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை.

இரண்டு காரணங்களையும் பிரித்துப் பார்க்கவேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்கு ஒரு தேவை உண்டு. போர் மட்டும்தான் காரணம் என்றால், போர் முடிந்ததும் ஸ்டேசன்கள் பழையபடி ஆகியிருக்கவேண்டும். ஆகவில்லை. இன்று இந்தப் பாதையில் ஊர்க்காரர் கண்ணில் படும் சரக்கு வண்டி, கொலன்னாவையிலிருந்து மட்டக்களப்புக்கு எரிபொருள் கொண்டுவரும் எண்ணெய்த் தாங்கி வண்டிதான். நெல்லுக்கும் மீனுக்கும் ரயிலில் இடம் ஒதுக்கவேண்டும் என்று கேட்க எங்கள் விவசாயச் சங்கங்களுக்கும் மீனவர் சங்கங்களுக்கும் முழு உரிமை உண்டு. கேட்பவர்கள் இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு கேட்டால் பேச்சுக்கு வலு இருக்கும்.

மீண்டும் எப்போது ஓடத் தொடங்கியது?

2002 போர்நிறுத்த உடன்பாட்டுக்குப் பிறகு, 2003இல். வடக்கோடு ஒப்பிட்டால் இது சீக்கிரம். யாழ்ப்பாணத்துக்கு 2014 ஒக்டோபரில்தான் வண்டி போனது, தலைமன்னாருக்கு 2015இல். அங்கே தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பிடுங்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குப் போய்விட்டதால் பாதையையே புதிதாகப் போடவேண்டியிருந்தது. எங்கள் பக்கம் அந்த அளவுக்கு அழியவில்லை. திருத்தி ஓடவிட முடிந்தது. அதன் மறுபக்கம், புதுப்பாதையும் புதுக்கட்டடமும் வடக்குக்குக் கிடைத்த அளவில் எங்களுக்குக் கிடைக்கவில்லை. 2011 தொடக்கத்தின் பெருவெள்ளத்திலும் சேவை தடைப்பட்டது.

யானைப் பிரச்சினை எப்போதும் இருந்ததா?

காட்டுக்குள் பாதை போட்ட நாளிலிருந்து யானை இருக்கிறது. இன்றைய நிலைமை மிக மோசம். 2024 ஒக்டோபரில் மின்னேரியாப் பக்கம் எண்ணெய் வண்டி யானைக் கூட்டத்தில் மோதித் தடம்புரண்டது. 2025 பெப்ரவரி 20ஆம் திகதி ஹபரணைப் பகுதியில் பயணிகள் வண்டி மோதி 6 யானைகள் செத்தன. வண்டி பிந்துகிறது என்று முறைப்பாடு செய்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும்: அந்தக் காட்டுத் துண்டில் இரவில் வேகத்தைக் குறைத்து ஓடுவது நியாயமானது. அரைமணி நேரம் பிந்தி வந்து சேர்வதால் நாங்கள் குறைந்துவிடப் போவதில்லை.

அம்பாறை மாவட்டத்தில் ஏன் ஒரு ஸ்டேசனும் இல்லை?

பாதை மட்டக்களப்போடு முடிந்துவிட்டது. ஸ்டேசன் வாவிக்கு வடக்கே நிற்கிறது. தெற்கே நீட்டுவதானால் முதலில் வாவியைக் கடக்கவேண்டும். கடந்ததும் கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிய மணல் நிலம். ஆரையம்பதி, காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, சாய்ந்தமருது என்று வீட்டுக்கு வீடு ஒட்டிய ஊர்கள். வீதியை அகலப்படுத்தவே அங்கே இடமில்லை. வாவிக்கு மேற்கே படுவான்கரையால் கொண்டுபோனால் வெள்ளமும் வயலும். கல்முனை, பொத்துவில் என்று நீட்டும் பேச்சு பல தடவை எழுந்திருக்கிறது. தெற்கிலிருந்து வரும் பாதை 2019இல் பெலியத்தை வரை வந்து நிற்கிறது. இடையில் கிடப்பது பெருந்தூரம்.

அதனால் அக்கரைப்பற்று, சம்மாந்துறை, நிந்தவூர் ஆட்கள் மட்டக்களப்புக்கு பஸ்ஸில் வந்துதான் கோச்சி ஏறுகிறார்கள். அவர்களுக்கு ஏற்ற நேரத்தில் ஒரு இணைப்பு பஸ் விடுவது, பாதை போடுவதைவிட எவ்வளவோ எளிது.

பழைய ஸ்டேசனில் போய்ப் பார்க்க இன்று என்ன இருக்கிறது?

கூர்ந்து பார்த்தால் நிறைய. முதலில் தண்டவாளத்தின் பக்கவாட்டைப் பாருங்கள். ஓரப் பாதைகளிலும் வேலிக் கம்பமாக நட்ட பழைய துண்டுகளிலும், துருவைத் துணியால் துடைத்தால், புடைத்த எழுத்துகள் மேலெழும்பும். செய்த ஆலையின் பெயரும் ஆண்டும் அதில் இருக்கும். விரலால் தடவியே வாசிக்கலாம். ஒரு பாதையின் வயதை அறிய இதைவிட நேரடிச் சான்று இல்லை. பாதை திறந்த ஆண்டைவிடப் பழைய துண்டு கண்ணில் பட்டால் திடுக்கிடவேண்டாம். வேறு பாதையில் தேய்ந்த தண்டவாளத்தை எடுத்துவந்து சின்னப் பாதைகளுக்குப் போடுவது ரயில்வேக்களின் வழக்கம்.

அடுத்து சரக்குக் கொட்டகையின் மேடை உயரம். வாகனின் தரைக்குச் சமமாக இருக்கும், மூட்டையை உருட்டியே ஏற்றுவதற்காக. பாரம் நிறுக்கும் தராசு, தண்ணீர்த் தொட்டியின் கால்கள், கைகாட்டிக் கம்பி ஓடிய சின்னச் சக்கரங்கள் எங்காவது எஞ்சியிருக்கலாம். எதையும் கழற்றி எடுக்காதீர்கள். படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு அடிமட்டத்தை வைத்து எடுங்கள்.

தண்டவாளம் வழியே நடக்கலாமா?

கூடாது. வண்டி ஓடும் பாதை அது, அத்துமீறினால் குற்றம். புனானைப் பக்கம் யானையும் உண்டு. ஸ்டேசனுக்குப் போனால் நிலைய அதிபரிடம் சொல்லிவிட்டுப் பாருங்கள். பெரும்பாலானோர் மகிழ்ச்சியோடு காட்டுவார்கள்.

தாத்தா ரயில்வேயில் வேலை செய்தவர். அவருடைய பொருட்கள் இருக்கின்றன. என்ன செய்வது?

தயவுசெய்து பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிடாதீர்கள். தடித்த மட்டையில் அச்சடித்த சின்ன டிக்கட், சம்பளத் துண்டு, இடமாற்றக் கடிதம், நேர அட்டவணை, சீருடைப் பொத்தான் எல்லாமே சான்று. டிக்கட்டில் எந்த ஸ்டேசனிலிருந்து எங்கே, என்ன வகுப்பு, எவ்வளவு காசு என்பது இருக்கும். திகதி அச்சு விளிம்பில் மெலிதாகப் பதிந்திருக்கும், சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். காகிதங்களை இரு பக்கமும் படமெடுத்து வையுங்கள். ஈழத்துத் தமிழ் ஆவணங்களை மின்வடிவில் சேர்க்கும் நூலகம் தளம் இப்படியானவற்றுக்குப் பொருத்தமான இடம். பெரிய கருவிகள் என்றால் கடுகண்ணாவையில் 2014 இறுதியில் திறந்த ரயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது. என் விருப்பம், மட்டக்களப்பு ஸ்டேசனிலேயே ஒரு அறை இதற்கென ஒதுங்கவேண்டும் என்பது. கிழக்கின் பொருள் கிழக்கில் இருக்கவேண்டும்.

எழுத்துச் சான்று எங்கே தேடலாம்?

கொழும்பு தேசிய சுவடிகள் கூடத்தில் பிரித்தானியர் காலத்து ஆண்டு நிர்வாக அறிக்கைகள் இருக்கின்றன. ரயில்வே பொது முகாமையாளரின் அறிக்கையும் அரசாங்க அதிபரின் அறிக்கையும் தனித்தனியே வரும், இரண்டையும் சேர்த்து வாசியுங்கள். ஒன்றில் பாதை வேலை, மற்றதில் அந்த ஆண்டு மழை, காய்ச்சல், நெல் விலை.

பெரியவர்களிடம் என்ன கேட்பது? "அந்தக் காலம் நல்லா இருந்தது" என்பதோடு முடித்துவிடுகிறார்கள்.

பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். ஸ்டேசனில் இறங்கி வீட்டுக்கு எப்படிப் போனீர்கள், வண்டிலா நடையா? சாமானைத் தூக்கியவர் யார், எவ்வளவு கூலி? கேற் காவலாளி எந்த ஊர்? கடைசியாக வண்டி வந்த நாளில் எங்கே இருந்தீர்கள்? வண்டி நின்றதும் எந்த வியாபாரம் படுத்தது? ஸ்டேசனில் தேநீர்க்கடை வைத்திருந்த குடும்பம் பிறகு எங்கே போனது? பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். ஆண்கள் வண்டியைப் பற்றிச் சொல்வார்கள், பெண்கள் யார் போனார்கள், யார் திரும்பி வரவில்லை என்பதைச் சொல்வார்கள். போர்க்காலக் கதை வரும்போது அவர்கள் நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள். பெயரைப் போடலாமா என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுங்கள். ஒலிப்பதிவு செய்தால் முதலில் திகதியையும் ஊரையும் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள், பத்து வருடம் கழித்துக் கேட்பவருக்கு அது இல்லாமல் எதுவும் விளங்காது.